தானாக முளைத்தது

வேளாண் உதவித்தொகை அலுவலகத்தில் அவருடைய பதவிக்குக் கள ஆய்வாளர் என்று பெயர். ஊர்களில் அவரை வரப்பு என்றார்கள். கையில் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு வயலின் ஓரமாகவே நடந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பது அவர் வேலை. நடந்த கோடு கருவியின் திரையில் மூடிக்கொள்ளும். அதற்குள் இருப்பதுதான் வயல். அரசாங்கத்தின் பணம் அந்த அளவுக்குத்தான்.

நிலத்துக்காரர்கள் அவர் பின்னாலேயே வருவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும், "இன்னும் கொஞ்சம் தள்ளி வாங்க சார், அதுவரைக்கும் நம்மளுதுதான்" என்பார்கள். அங்கே முள் புதராக இருந்தாலும் புகுந்து வரச் சொல்வார்கள். அவருடைய கால்சட்டைகள் எல்லாம் முழங்காலுக்குக் கீழேதான் முதலில் கிழிந்தன. அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தாள். "உங்க ஆபீஸ் யாருக்குப் பணம் குடுக்குதோ இல்லையோ, எனக்குத் தினமும் வேலை குடுக்குது. கூலிதான் வர்றதில்ல" என்பாள்.

அவருக்குப் பேச்சு குறைவு. அளவு குறைந்தால் குறைகிறது என்று அவர் வாயால் சொல்வதில்லை. திரையை நிலத்துக்காரர் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு வேறெங்காவது பார்ப்பார். திட்டுகிறவர்கள் திட்டி முடிக்கும்வரை அப்படியே நிற்பார். பிறகு தண்ணீர் கேட்டுக் குடிப்பார். திட்டியவர்களே கொண்டுவந்து கொடுப்பார்கள். இத்தனை வருஷத்தில் அவர்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை. பாராட்டும் வந்ததில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அவர் நினைத்தார்.

அலுவலகம் ஒரு பழைய தானியக் கிடங்கின் முன்பகுதியில் இருந்தது. மேஜைகளுக்குமேல் எப்போதும் மெல்லிய உமித்தூசி படியும். துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி இருக்கும். பணம் கேட்டு வருகிறவர்கள் பேசுவதற்காகக் கண்ணாடித் தடுப்பில் ஓர் ஓட்டை போட்டிருந்தார்கள். அளவெடுத்தவன் உட்கார்ந்துகொண்டு அளந்திருப்பான் போல. நிற்கிறவர்கள் எல்லாரும் இடுப்பை வளைத்து ஓட்டையில் வாயை வைத்துப் பேச வேண்டியிருந்தது. அதிகாரி, "மரியாதையா குனிஞ்சு பேசறாங்க பாருங்க" என்று சிரிப்பார். வரப்பு சிரித்ததில்லை. மாற்றச் சொன்னதும் இல்லை.

அங்கே தரிசுத் திட்டம் என்று ஒன்று வந்தது. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனதால், ஒரு பருவம் விதைக்காமல் நிலத்தைச் சும்மா போடுகிறவர்களுக்குப் பணம். முதலில் யாரும் நம்பவில்லை. "வேலை செஞ்சப்ப குடுக்காத பணத்தை வேலை செய்யாததுக்கு எப்படிக் குடுப்பான்?" என்றார்கள். பணம் வந்ததும் நம்பினார்கள். ஆனால் சும்மா இருப்பது எல்லாருக்கும் கைவரவில்லை. ஒருவர் ஓரத்தில் பூசணி போட்டார். ஒருவர் பழக்கதோஷத்தில் உழுதுவிட்டு, எதற்கு உழுதோம் என்று தெரியாமல் வயல் நடுவில் டிராக்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். மேலிருந்து சாட்டிலைட் படம் எடுக்கும். பச்சை தெரிந்தால் அந்த வயல்மேல் சிவப்புப் புள்ளி விழும். வரப்பு போய்ப் பார்ப்பார். போன விளைச்சலில் சிந்தியது தானாக முளைத்திருந்தால் குற்றமில்லை. விதைத்திருந்தால் அந்தப் பணம் போச்சு. அதோடு மூன்று வருஷத்துக்கு எந்தத் திட்டத்திலும் கிட்டே வர முடியாது.

வரப்பின் அக்கா வீடும் தரிசுத் திட்டத்தில் இருந்தது.

அக்காவின் கணவர் மக்காச்சோளம் போட்டவர். தீவன மில்லுக்கு லாரியில் ஏற்றும் நாளில் அவர் குரல் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. பக்கவாதம். வலது கை விழுந்தது. வலது கால் இழுத்தது. வாய் கோணியது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டு வந்தது.

அக்கா வெங்காயக் கொட்டகையில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நின்றுவிட்டாள். அவரைத் தனியாக விட முடியாது. நிலத்தைத் தரிசில் போடலாம் என்று வழி சொன்னது வரப்புதான். அந்தப் பணத்தில்தான் வீடு நடந்தது. பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வாரம் ஒருமுறை வந்ததும் அந்தப் பணத்தில்தான். முன்பணமாக ஒரு பகுதி வந்திருந்தது. பெரிய பகுதி பருவம் முடிந்து வர வேண்டும்.

பயிற்சிப் பெண் இரண்டு கிண்ணங்களை மேஜையில் வைத்தாள். ஒன்றில் மக்காச்சோள மணிகள். வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் ஒவ்வொன்றாக எடுத்து மற்றக் கிண்ணத்தில் போட வேண்டும். முடிந்ததும் அங்கிருந்து இங்கே.

வரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது மாமா கிண்ணங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு மணியை விரல்கள் பிடித்தன. தூக்கும்போது வழுக்கி உருண்டது.

"எப்படி இருக்கீங்க மாமா?"

"பாத்தியா மாப்ளே... இங்கேர்ந்து... அங்க." மாமா மூச்சு வாங்கினார். "அங்கேர்ந்து... இங்க. உங்க ஆபீஸ்... ஃபைல் மாதிரி."

அக்கா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "வாய் வந்துருச்சு பாத்தியா? கைக்கு முன்னாடி நக்கல் வந்துருச்சு."

"பிரயோசனம்... இல்லாத வேலை" என்றார் மாமா.

"பிரயோசனம் கைக்கு மாமா" என்றார் வரப்பு.

மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார். "விதை... கிண்ணத்துல... போடறதா?"

அடுத்த முறை வரப்பு போனபோது ஒரு கிண்ணம்தான் மேஜையில் இருந்தது. அக்கா, "மணி அடிக்கடி தீந்து போகுது. எலியோ என்னவோ" என்றாள். பயிற்சிப் பெண்ணுக்கு மட்டும் ஒரே மகிழ்ச்சி. கை வேகமாகத் தேறுகிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாளாம். மாமா பதில் சொல்லவில்லையாம்.

வரப்பு கை கழுவப் பின்பக்கம் போனார். வீட்டை ஒட்டித்தான் வயல். வீட்டுப் பின்பக்கக் கொட்டகையின் நிழல் முடிகிற இடத்திலிருந்து மக்காச்சோளக் கன்றுகள். சாண் உயரத்தில், இலை விரித்து, கண்ணுக்கு எட்டியவரை ஒழுங்கே இல்லாமல் நின்றன. ஓர் இடத்தில் ஐந்தாறு ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு. பக்கத்தில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு வெறும் மண். பிறகு தனியாக ஒன்று.

உள்ளே வந்தார். மாமா இடது கையால் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. கட்டைவிரல் நகத்துக்குள் மண்.

"அக்கா, பின்னாடி தானா முளைச்சிருக்கா?"

"வேற என்ன?" என்றாள் அக்கா. பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வரப்பு தலையாட்டினார். அதற்குமேல் கேட்டால் கேட்டதாகிவிடும்.

அன்றிரவு மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் மெஷினை நிறுத்தினாள். "நீங்க பாத்தீங்களா, பாக்கலையா?"

"பாத்தேன்."

"யாரா பாத்தீங்க? தம்பியாவா, வரப்பாவா?"

அவர் படுத்துக்கொண்டார்.

அடுத்த மாதப் படத்தில் அக்கா வயல்மேல் சிவப்புப் புள்ளி விழுந்தது. அதிகாரியிடம் போய் உறவு என்று சொன்னார். சொல்லித்தான் ஆக வேண்டும். அதிகாரி, "அப்ப பசை போகட்டும். நீங்க வழி மட்டும் காட்டுங்க" என்றார்.

பசை இன்னொரு கள ஆய்வாளர். வேறொரு மாவட்டத்திலிருந்து மாற்றலில் வந்தவள், வரப்பைவிட வயதில் சிறியவள். ஒரு வயலுக்குப் போனால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் நகர மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். அவளுக்கும் தெரியும். "கழட்டணும்னா வெந்நீர் ஊத்துங்க" என்று அவளே சொல்வாள். அவளுடைய ஸ்கூட்டரில் வரப்பு பின்னால் உட்கார்ந்து போனார். வழியில் அவள் கேட்டாள்:

"எவ்வளவு நெருக்கம் சார்?"

"கூடப்பிறந்த அக்கா."

"அப்ப நீங்க ரோட்டுலயே நின்னுருங்க. எனக்கு அதுதான் நல்லது. உங்களுக்கும்."

"சரிம்மா."

"ஏதாவது சொல்லணுமா எங்கிட்ட?"

"இல்ல."

சொன்ன பிறகு, காற்று சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தார். அவள் மறுபடி கேட்கவில்லை.

ரோடு வயலைவிடச் சற்று மேடு. அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. பசை ஓரத்தைச் சுற்றி வந்தாள். நடுவில் இறங்கிக் குனிந்து பார்த்தாள். அக்கா முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்து கொட்டகை அருகே நின்றாள். தம்பி மேலே நிற்பதைப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

பசை நிமிர்ந்து, ரோடு வரைக்கும் கேட்கும் குரலில் சொன்னாள்: "வெதச்சிருந்தா ஒரு வரிசையாவது இருக்கணுமே. கண்ணக் கட்டிக்கிட்டு வெதச்சாக்கூட இப்படி வராது. தானா முளைச்சதுதான்மா. பயப்படாதீங்க."

அக்காவின் தோள்கள் இறங்கின. வரப்புக்கும் மூச்சு வந்தது. பசை கருவியில் விரலை வைத்தாள்.

"இல்ல" என்று ஒரு குரல்.

மாமா கொட்டகை வாசலில் தடியை ஊன்றி நின்றார்.

"நான்..." அடுத்த சொல் வரவில்லை. எல்லாரும் அதற்காகக் காத்து நின்றார்கள். "வெதச்சேன்."

அக்கா வேகமாகப் பேசினாள். "அவர் சொல்றதக் காதுல வாங்காதீங்க மேடம். பக்கவாதம் வந்ததுலேர்ந்து புத்தி நெலையில்ல. நேத்துகூட என்னை அவங்க அம்மான்னு நெனச்சுப் பேசினாரு. என்ன பண்றது, என் தலையெழுத்து."

அது பொய். மாமாவின் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. தீவன மில் எந்த வருஷம் எத்தனை மூட்டைக்கு எடைக் கழிவு போட்டது என்பதுவரை அவருக்கு ஞாபகம் இருந்தது.

மாமா மனைவியைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. தெரியாத ஒருத்தி முகவரி தவறி வீட்டுக்குள் வந்துவிட்டது போலப் பார்த்தார். பிறகு வயலில் இறங்கினார். தடியை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சட்டைப் பைக்குள் வலது கையை விட்டார். கை உள்ளே போவதற்கே நேரமாயிற்று. வெளியே வந்தபோது விரல்களுக்கிடையில் ஒரே ஒரு மணி இருந்தது. கை நடுங்கியது. அதைப் பசைக்கு நேராக நீட்டிக் காட்டினார். பிறகு விட்டார். நினைத்த இடத்தில் விழவில்லை. ஏற்கெனவே நின்ற கன்றின் வேரோடு ஒட்டி விழுந்தது. குதிகாலால் ஒரு பள்ளம் அழுத்தி, கால் பெருவிரலால் மணியைத் தள்ளி மூடினார். மறுபடி கையைப் பைக்குள் விட்டார்.

பசை கருவியிலிருந்து விரலை எடுத்தாள்.

"அம்மா, இங்க வாங்க" என்றாள் அக்காவிடம். "இதை நான் முடிச்சுட்டேன்னா முடிஞ்சுது. தானா முளைச்சதுன்னு போட்டுட்டுப் போயிடலாம். அடுத்த படத்துல இது ஆள் உசரம் நிக்கும், கதிர் தெரியும். அப்ப வேற யாராவது வருவாங்க. மோசடின்னு போடுவாங்க. மூணு வருஷம் கிட்டயே வர முடியாது. வாங்கின முன்பணத்தையும் திருப்பிக் கேப்பாங்க."

"புடுங்கிப் போட்டுடறேன் மேடம். இன்னிக்கே."

மாமாவின் கை பைக்குள்ளேயே நின்றது.

"புடுங்கலாம்" என்றாள் பசை. "நாளைக்கு மறுபடி வெதைப்பாரு. உங்களால காவல் காக்க முடியுமா? இன்னொரு வழி இருக்கு. நான் முடிக்கறதுக்கு முன்னாடி நிலத்துக்காரரே தன் வாயால வெதச்சேன்னு சொன்னா, திட்டத்துலேர்ந்து தானா விலகினதா எழுதலாம். வர வேண்டிய பணம் வராது. முன்பணம் உங்ககிட்டயே இருக்கும். அடுத்த பருவம் மறுபடி மனு போடலாம். நிலம் யார் பேர்ல இருக்கு?"

"அவர் பேர்லதான்."

"அவர் சொல்லிட்டாரு. ஆனா புத்தி நெலையில்லாதவர் சொல்றத நான் எழுத முடியாது. நீங்கதான் இப்ப அப்படிச் சொன்னீங்க."

அக்கா ரோட்டைப் பார்த்தாள். "டேய், என்னடா மேலயே நிக்கிற, பொம்மை மாதிரி? கேட்டுக்கிட்டுத்தானே இருக்க? இது உன் ஆபீஸு, உன் சட்டம். நீ சொல்லு."

வரப்பு சரிவில் இறங்கி வந்தார். திருப்பிக் காட்டுவதற்குக் கையில் திரை இல்லை. அக்காவையும் மாமாவையும் பார்க்காமல், கன்றுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாமாவுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குக்கா."

"அப்ப நாங்க எதைத் திங்கறது?"

"நான் பாத்துக்கறேன்."

"நீ என்னத்தப் பாத்துக்குவ? உன் கால்சட்டை ஒட்டுக்கே உன் பொண்டாட்டி நூல் கடன் சொல்லி வாங்கறா." அவள் மாமாவைக் கைகாட்டினாள். "வெங்காயக் கொட்டகைக்கு நான் போயிட்டா இவரை யாருடா பாக்கறது? இங்க விழுந்து கெடந்தாக்கூடச் சாயந்தரம்தான் தெரியும். அதுக்குத்தானே இந்தப் பணம்? அதுக்குத்தானே இவ்வளவு பொய்யும்?"

மாமா தடியை ஊன்றி மனைவி பக்கமாக ஓரடி வந்தார். நடுவில் நின்ற கன்றை மிதிக்காமல் வலது காலைத் தூக்கி வைத்தார். அந்தக் காலை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கி இதுவரை யாரும் பார்த்ததில்லை. அக்காவும் அதைப் பார்த்தாள்.

"விழ... மாட்டேன்" என்றார்.

"ஆமா, பெரிய இவரு." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பசையின் பக்கம் திரும்பினாள். "எழுதுங்க மேடம். புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்னைவிட நல்லா இருக்கு. அதான் என்னை எலி மேல பழியப் போட வெச்சிருக்காரு."

"நீங்க வெதச்சீங்களா ஐயா?" என்று பசை முறைப்படி கேட்டாள்.

"நான்தான்" என்றார் மாமா. இந்த முறை இடைவெளி இல்லை.

பசை எழுதினாள். திரையில் மாமாவின் வலது கைப் பெருவிரலைப் பதிய வைத்தாள். இடது கையை நீட்டச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார்.

திரும்பும்போது ஸ்கூட்டர் ஊர் எல்லை தாண்டியதும் பசை சொன்னாள்: "காலையிலயே சொல்லியிருக்கலாம் சார்."

"ஆமா."

"சொல்லியிருந்தாலும் நான் எப்படியும் போயிருப்பேன். ஆனா அந்தம்மா புருஷனைப் பைத்தியம்னு சொல்ல வேண்டி வந்திருக்காது."

"ஆமாம்மா" என்றார் வரப்பு மறுபடியும்.

அக்கா திங்கட்கிழமை வெங்காயக் கொட்டகைக்குப் போய்க் கேட்டாள். மேஸ்திரி அவள் முன்பு தரம் பிரித்த பலகையிலேயே இடம் கொடுத்தான். ஆனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கான குறைந்த கூலி. அவள் தம்பியோடு பேசவில்லை. வரப்பின் மனைவி ஒரு நாள் போய்விட்டு வந்து, "என்கிட்ட நல்லாத்தான் பேசறாங்க. உங்க பேர் வந்தா மட்டும் காது கேக்க மாட்டேங்குது" என்றாள்.

வரப்பு மதிய உணவு நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டார். அக்கா இருக்க மாட்டாள். அலுவலகத்திலிருந்து சைக்கிளில் போய், மாமா சாப்பிட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, தன் டப்பாவையும் அங்கேயே திறந்து தின்றுவிட்டு வருவார். முதல் நாளே மாமா கேட்டார்:

"உங்கக்கா... பேசினாளா?"

"இல்ல மாமா."

"எங்கிட்டயும்... இல்ல."

இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். மாமாவின் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் இருந்தது. மேஜையைச் சுற்றிச் சோறு சிந்திக் கிடந்தது. வலது கையால் சாப்பிட்டிருந்தார். வரப்பு துடைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் போனபோது வீட்டில் மாமா இல்லை. கட்டில் காலியாகக் கிடந்தது. குளியலறையில் பார்த்தார். பின்கதவு திறந்திருந்தது. ஓடினார்.

மாமா வயல் தலைமாட்டில் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் குந்தியிருந்தார். குந்தி உட்கார்ந்ததைப் பார்த்தே வரப்புக்குப் பயமாக இருந்தது. வயல் முழுக்க ஈரம். கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தன. கீழ்க்கோடியில் தண்ணீர் நிரம்பி வழியத் தொடங்கியிருந்தது.

"யாரு மாமா தண்ணி விட்டது?"

"அவதான். காலைல... போறப்ப."

"பேசலன்னு சொன்னீங்க?"

"இதை மட்டும்... சொன்னா." மாமா வால்வின் சக்கரத்தை வலது கையால் பிடித்திருந்தார். துருப்பிடித்த சக்கரம். "மத்தியானம்... நீங்க நிறுத்திடுங்கன்னு... சொன்னா."

வரப்பு சட்டைக் கையை மடக்கிக்கொண்டு கிட்டே போனார். "தள்ளுங்க, நான் மூடறேன். வழியுது பாருங்க."

"தொடாதே."

"வீணாப் போகுது மாமா."

"போகட்டும். நீ... ஆபீஸுக்குப் போ."

வரப்பு போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாமாவின் விரல்கள் சக்கரத்தில் வழுக்கின. வேட்டி நுனியில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் நகரவில்லை. மறுபடி துடைத்தார். வரப்பின் செருப்புக்கடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சக்கரம் ஒரு முறை கிறீச்சென்றது. கொஞ்சம்தான். மாமா நிமிராமல், "பாத்தியா" என்றார்.

"பாத்தேன் மாமா" என்றார் வரப்பு.